கடைமடைக்கும் கணக்கு வர வேண்டும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய வானொலி உரையின் எழுத்து வடிவம்)



நம்ம பக்கத்தில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் முதலில் எங்கே போகும்? அரசியலும் சினிமாவும் அப்புறம். பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை அடி, மணிமுத்தாறு எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது. பேப்பர் வாங்காதவர்கூட டீக்கடைக்கு வந்து, "அண்ணாச்சி, மணிமுத்தாறு இன்னைக்கு எவ்வளவு நிக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாசைக் கையில் எடுப்பார்.

பாபநாசத்துக்கு உச்சம் 143 அடி. சேர்வலாறுக்கு 156. மணிமுத்தாறுக்கு 118. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டிய அணை அது. நிறைந்து நின்றால் சுமார் 551 கோடி கன அடி தண்ணீர். இந்த 118-ல் இன்றைக்கு எத்தனை என்கிற ஒரே ஒரு எண்ணை வைத்து எத்தனை பேர் என்னென்ன முடிவு செய்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். விதைநெல்லை ஊற வைக்கலாமா என்று நீங்களும் நானும் பார்க்கிறோம். டிராக்டர்காரர் தொளி அடிக்கத் தேதி கொடுக்கிறார். நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டி வருகிற அக்காள் ஊர் ஊராகச் சொல்லி வைக்கிறாள். உரக்கடைக்காரர் எத்தனை லோடு யூரியா கேட்பது என்று யோசிக்கிறார். அரிசி ஆலைக்காரர் மாசி, பங்குனியில் எவ்வளவு நெல் வரும் என்று மனக்கணக்குப் போடுகிறார். நகைக்கடன் கொடுக்கிற பாங்கியில் கூட்டம் ஏறுவதும் இறங்குவதும்கூட அந்த எண்ணை ஒட்டித்தான்.

அந்த எண் அரசாங்கம் எடுக்கிற எண். தினமும் காலையில் எடுக்கிறது, அன்றைக்கே சொல்லிவிடுகிறது. கலெக்டருக்கும் கடைமடைக்காரனுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

நான் ஆபீசர் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பல வருஷம் உரம் விற்ற கணக்கு எழுதியவன். இப்போது மணிமுத்தாறு எண்பதடிக் கால்வாயின் கடைசிப் பக்கம் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே சரக்கு எப்படி வருகிறது என்பதும் தெரியும், வராமல் போனால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

விநியோகச் சங்கிலி என்று படித்தவர்கள் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். தொழிற்சாலையில் செய்த பொருள், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, நம் கை என்று கை மாறி வருகிற வழி. நம் வயலில் விளைந்தது நம் கையிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து ரேஷன் கடைக்கும் போகிற வழியும் அதுதான். சங்கிலி என்பதைவிட இதைக் கால்வாய் என்று நினைத்துக்கொண்டால் நமக்குச் சுலபமாகப் புரியும். தலைமடைக்குத் தண்ணீர் போவதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. வாய்க்காலில் ஒரு இடத்தில் கரை உடைந்தாலும், ஒரு மடை அடைத்துக்கொண்டாலும், மழை பொய்த்தாலும் கடைமடைக்கு எத்தனை நாள் தாக்குப் பிடிக்கிறது என்பதில்தான் வாய்க்காலின் லட்சணம் தெரியும். வியாபாரத்தில் இதே தாக்குப் பிடிக்கிற சக்தியைத்தான் மீள்திறன் என்கிறார்கள். நம் எண்பதடிக் கால்வாயில் நாலு ரீச். முதல் இரண்டு ரீச்சுக்கு ஒரு வருஷம் முன்னுரிமை, பின் இரண்டு ரீச்சுக்கு மறு வருஷம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதன் காரணமும் இதுதானே? அளவு தெரிந்தால்தான் முறை வைக்க முடியும்.

இனி இந்தப் பெரிய கணக்குக்கு வருவோம். பெருந்தரவு என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். முன்பு கர்ணம் எழுதிய அடங்கல், பிறகு கிராம நிர்வாக அலுவலர் எழுதிய அடங்கல், நாங்கள் சங்கத்தில் எழுதிய பேரேடு, ரேஷன் கடை நோட்டு எல்லாம் தனித்தனியாகப் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தன. இப்போது அவை கம்ப்யூட்டரில் ஏறி ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. 2016 ஏப்ரலில் மின்னணு வேளாண் சந்தை வந்தது. 2017-ல் சரக்கு, சேவை வரி. மறு வருஷம் லாரி போகிற வழியெல்லாம் இ-வே பில். 2018-ல் உரக்கடையில் கைரேகை மிஷின். 2020 அக்டோபரில் தமிழ்நாடு ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் விவசாயத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் கொடுப்பதென்று முடிவு செய்தது. நம் ஊரிலும் 2025 பிப்ரவரியில் முகாம் போட்டுப் பதிந்தார்களே, அந்த 11 இலக்க எண் இதில் வந்ததுதான்.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்டால், எங்கே எவ்வளவு இருக்கிறது, எங்கே எவ்வளவு தேவை என்று தெரிந்தால் சரக்கை அங்கே அனுப்பலாம் என்பதற்குத்தான். நியாயமான யோசனை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு புள்ளி தவறினால் என்ன ஆகிறது என்பதை உரக்கடையில் நேரில் பார்த்தவன் நான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறேன்.

45 கிலோ யூரியா மூட்டை நமக்கு 266 ரூபாய் 50 காசு. அதன் அடக்க விலை இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை அரசாங்கம் மானியமாகக் கம்பெனிக்குக் கொடுக்கிறது. முன்பெல்லாம் மூட்டை ஜில்லாவுக்கு வந்து சேர்ந்ததைக் கணக்காக வைத்து மானியம் போகும். 2018-க்குப் பிறகு அப்படி இல்லை. கடைக்காரர் மிஷினில் உங்கள் ஆதாரைப் போட்டு, கைரேகை வாங்கி, பில் போட்ட பிறகுதான் அந்த மூட்டை விற்றதாகக் கணக்கு. அதற்கு அப்புறம்தான் கம்பெனிக்குப் பணம். ஆக, உங்கள் கட்டைவிரல் பட்ட நிமிஷம் டில்லிவரைக்கும் தெரியும். எந்த ஜில்லாவில் எந்தக் கடையில் எத்தனை மூட்டை இருப்பு என்பதும் தெரியும். ஒவ்வொரு பருவத்துக்கும் மாநிலத்துக்கு எவ்வளவு தேவை என்று முன்கூட்டிப் பேசி, மாதா மாதம் ஒதுக்கீடு செய்கிறார்கள். கூட்ஸ் வண்டி எந்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்வதில் அந்த இருப்புக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பிசான நடவு முடிந்து மேலுரம் போடுகிற வாரம். ஒரே நாளில் எண்பது பேர் வந்து நிற்கிறார்கள். சிக்னல் இல்லை. அல்லது கிழவருக்குக் கைரேகை விழவில்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் அல்லவா. கடைக்காரர் என்ன செய்வார்? "நீங்க மூட்டையத் தூக்கிட்டுப் போங்க அண்ணாச்சி, பில்லை அப்புறம் போட்டுக்கிடுதேன்" என்று நோட்டில் குறித்துக்கொள்வார். தாட்சண்யத்தில் செய்கிற காரியம்தான். சாயங்காலம் கடையில் மூட்டை காலி. மிஷினிலோ எண்பது மூட்டை அப்படியே இருக்கிறது.

இப்படி ஐம்பது கடை செய்தால்? ஜில்லாவில் நாலாயிரம் மூட்டை இருப்பு இருப்பதாகப் பெரிய கணக்கு சொல்லும். மேலே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரி, "திருநெல்வேலியில்தான் இருப்பு இருக்கே, இந்த ரேக்கை வேறு பக்கம் அனுப்பலாம்" என்று நினைத்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியுமா? அவர் கண்ணுக்குத் தெரிவது கணக்கு மட்டும். நமக்குத் தெரிவது காலி கிட்டங்கி. நடுவில் பயிர் மஞ்சள் அடிக்கிறது. அதனால்தான் மிஷின் இருப்பும் கடை இருப்பும் ஒத்திருக்க வேண்டும் என்று வேளாண்மைத் துறைக்காரர்கள் கடை கடையாக வந்து மூட்டையை எண்ணுகிறார்கள். வியாபாரியைத் தொந்தரவு செய்ய வருகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்ததுண்டு.

நல்ல வருஷத்தில் இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. நெருக்கடி வரும்போதுதான் வினை. 2025 ஆகஸ்டில் என்ன ஆயிற்று பாருங்கள். சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்திருந்தது. மேற்கு ஆசியாவிலும் செங்கடலிலும் கலவரம். நாட்டின் யூரியா இருப்பு அதற்கு முந்திய வருஷம் அதே சமயத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. பல மாநிலங்களில் விவசாயிகள் செருப்பை வரிசையில் போட்டுவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் இருக்கிற கொஞ்சத்தைப் பங்கு போடுவதற்குக் கணக்கை விட்டால் வேறு வழி கிடையாது. கணக்கில் பொய் இருக்கிற ஊருக்குப் பங்கு குறைகிறது. தூத்துக்குடியில் 1975 முதல் யூரியா செய்கிற ஸ்பிக் தொழிற்சாலை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்றாலும், மூட்டை நம் கடைக்கு வருவது ஒதுக்கீட்டின் வழியாகத்தான், பக்கத்து வீட்டுக்காரர் என்கிற உறவில் இல்லை.

கணக்கு சரியாக இருந்தும் மிஷினே படுத்துவிட்டால்? அதையும் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மேலே மாஞ்சோலை மலையிலும் கொட்டு கொட்டென்று கொட்டி, அணைகளுக்கு வந்த தண்ணீரும் காட்டாறுகளின் தண்ணீரும் சேர்ந்து தாமிரபரணி இரண்டு கரையும் தாண்டி ஓடிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் எண்ணூறு பயணிகள் சோறு தண்ணீர் இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் போட வேண்டியதாயிற்று. ரோடு அறுந்தது, கரன்ட் போயிற்று, செல்போன் டவர் செத்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழையெல்லாம் தண்ணீருக்குள்.

அந்த நாட்களில் கம்ப்யூட்டர் கணக்கு என்ன செய்தது? இரண்டும் செய்தது. வெள்ளம் வடிந்த பிறகு, கடுமையாகப் பாதித்த தாலுகாக்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய், மற்ற இடங்களில் 1,000 ரூபாய் என்று நிவாரணம் கொடுத்தபோது, ரேஷன் அட்டைக் கணக்கு கையில் இருந்ததால் யார் யாருக்கு என்று புதிதாக ஜாபிதா எழுத வேண்டியிருக்கவில்லை. இது பெரிய உதவி. ஆனால் வெள்ளம் நிற்கிற நாளில், கரன்டும் டவரும் இல்லாத ஊரில், மிஷின் வெறும் டப்பா. ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, யூரியா தண்ணியில கரைஞ்சு போச்சு. சாக்குதான் மிச்சம். மிஷின்ல மட்டும் ஒரு மூட்டையும் கரையல்லியே, இதை எப்படிக் கழிக்க?" சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. கைரேகை வைக்க ஆள் இல்லாமல் ஒரு மூட்டை கணக்கைவிட்டு இறங்காது. ஆபீசர் வந்து பார்த்து, எழுதி, மேலே அனுப்பி, அது கழிகிற வரைக்கும் அவர் கடையில் சரக்கு இருப்பதாகவே ஊர் உலகம் நம்பும். மேலுரம் போடுகிற நாள் அதற்காகக் காத்திருக்குமா?

ஆகவே, காகித நோட்டை அடுப்பில் போட்டுவிடாதீர்கள் என்று நான் சங்கத்துப் பிள்ளைகளிடம் சொல்வேன். வெள்ளம், புயல் என்று கலெக்டர் அறிவித்துவிட்டால் இத்தனை நாளைக்கு நோட்டுக் கணக்கே செல்லும், சேதமான சரக்கை இன்ன தேதிக்குள் கழித்துக் கொடுப்போம் என்று முன்கூட்டியே ஒரு விதி இருந்தால் போதும். மிஷினுக்குச் செலவழித்த பணத்தோடு பார்த்தால் இதற்குக் காசே ஆகாது.

உரத்தை விட்டு உளுந்துக்கு வருவோம். மணிமுத்தாற்றுக்குக் கொஞ்ச தூரத்தில் கல்லிடைக்குறிச்சி. அங்கத்திய அப்பளத்துக்கு ஊர் ஊராகப் பெயர். வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போட்டுப் பிழைக்கிற பெண்கள் எத்தனையோ பேர். அப்பளத்துக்கு உயிர் உளுந்து. நம் நாட்டு உளுந்து போதாமல் வெளியிலிருந்து வருவதில் பெரும்பகுதி பர்மா உளுந்து, இப்போது மியான்மர் என்கிறார்கள். 2021 மே மாதம் உளுந்து இறக்குமதியைத் தாராளமாக்கினார்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் வாங்கிக்கொள்வதாக அந்த நாட்டோடு ஐந்து வருஷ ஒப்பந்தமும் போட்டார்கள். அந்த நாட்டிலோ அதே வருஷம் பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. கல்லிடைக்குறிச்சி முற்றத்தில் காய்கிற அப்பளத்துக்கு ரங்கூன் கலவரம் ஒரு சங்கதி என்றால் நம் பாட்டி நம்புவாளா?

2023-ல் பருப்பு விலை ஏறியது. ஜூன் 2-ஆம் தேதி மத்திய அரசு துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு போட்டது. மொத்த வியாபாரி ஒவ்வொரு வகையிலும் 200 டன்னுக்கு மேல் வைக்கக் கூடாது, சில்லறைக் கடை 5 டன்னுக்கு மேல் கூடாது, வைத்திருப்பதை அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் தளத்தில் பதிந்து வர வேண்டும். செப்டம்பரில் அந்த 200 டன்னை 50 டன்னாகக் குறைத்தார்கள். நவம்பரில் மறுபடி 200 ஆக்கினார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று உத்தரவு!

பதுக்கலைப் பிடிக்க இது வேண்டும். பஞ்சம் பார்த்து மூட்டையை அடுக்கி வைத்து விலை ஏற்றுகிறவனை நாம் பார்த்ததில்லையா என்ன. முன்பெல்லாம் கிட்டங்கியை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். இப்போது பதிவைப் பார்த்து, எந்த ஊரில் எவ்வளவு நிற்கிறது என்று அரசாங்கம் உட்கார்ந்த இடத்தில் அறிகிறது. நல்லதுதான். ஆனால் பதுக்கல் என்று ஒன்று இருக்கிறது, கையிருப்பு என்று ஒன்று இருக்கிறது. கப்பல் வராத மாதத்துக்கு, மழைக்காலத்துக்கு, ரோடு அறுகிற நாளுக்கு என்று வைக்கிறது கையிருப்பு. நம் வீட்டுக் குலுக்கையில் இருக்கிற நெல்லைப் பதுக்கல் என்பார்களா? கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே எண்தான். வரம்பு 50 என்றால், வம்பு எதற்கு என்று நினைக்கிற நல்ல வியாபாரி 40-க்கு இறங்கிவிடுவார். அவரிடம் வாங்குகிற அப்பளக்காரர் வாரத்துக்கு வாரம் வாங்கிப் பிழைப்பார். எல்லார் கையிலும் இருப்பு மெலிந்து நிற்கிற நேரத்தில் டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால் தாங்குகிற தெம்பு எங்கிருந்து வரும்? வரம்பு போடுகிறவர்கள், எந்தத் தொழிலுக்கு எத்தனை நாள் சரக்கு கைவசம் வேண்டும் என்றும் அதே கணக்கிலிருந்து பார்க்க முடியும். பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அடிக்கடி மாற்றாமலும் இருக்க வேண்டும். மடையைத் திறந்து திறந்து மூடினால் கடைமடைக்கு ஈரம்தான் வரும், தண்ணீர் வராது.

கணக்கின் வேர் எங்கே இருக்கிறது என்றால் நம் வயலில். இன்ன சர்வே நம்பரில் இன்ன பயிர், இத்தனை ஏக்கர் என்று எழுதுகிற அந்த வரி. 2022-ல் வடக்கே கோதுமையில் நடந்ததைச் சொன்னால் அதன் அருமை தெரியும். பிப்ரவரியில் அரசாங்க மதிப்பீடு 11 கோடியே 13 லட்சம் டன் விளையும் என்றது. ரஷ்யாவும் உக்ரைனும் சண்டையில் இறங்கியதால் உலகமே கோதுமைக்கு அலைந்தது. நம் வியாபாரிகள் ஏற்றுமதிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். மார்ச்சில் வெயில் கொளுத்திப் பால் பிடிக்கிற பயிர் சுருங்கிவிட்டது. மே 13-ஆம் தேதி திடீரென்று ஏற்றுமதிக்குத் தடை. குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்து வாசலில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. அதற்கு அப்புறம்தான் மதிப்பீட்டை 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைத்து வெளியிட்டார்கள். வயலில் பயிர் காய்ந்த சங்கதி கணக்குக்கு வந்து சேர இரண்டு மாதம்! வெயில் யார் சொல்லியும் கேட்காது; ஆனால் வயலின் செய்தி சீக்கிரம் போயிருந்தால் இத்தனை பேர் ஒப்பந்தம் போட்டுவிட்டு முழித்திருக்க மாட்டார்கள்.

இதற்காகத்தான் இப்போது போனில் படம் எடுத்து, அந்த இடத்தின் அட்சாம்சம் ரேகாம்சத்தோடு பயிரைப் பதிகிற டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 2024-ல் வேளாண் கல்லூரி மாணவ மாணவிகளைக்கூட இதற்கு வயலில் இறக்கினார்கள். வரப்பில் நடக்கத் தெரியாமல் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு தனிக் கதை. பக்கத்து வயல் வாழையைப் படம் எடுத்துவிட்டு நம் நம்பரில் போட்டால், நம் நெல் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாத நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எப்படிப் போடுவது? அங்கே ஆன்லைனில் பதிவதற்குச் சிட்டாவும் அடங்கலும் அல்லவா கேட்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. விவசாயி அடையாள எண் பட்டாவை ஒட்டி வருகிறது. நம் தாமிரபரணிக் கரையில் கோயில் நிலம் எவ்வளவு, மடத்து நிலம் எவ்வளவு, மெட்ராசிலும் பம்பாயிலும் இருக்கிறவர்களுடைய நிலம் எவ்வளவு! உழுகிறவர் ஒருவர், பட்டா ஒருவர் பெயரில். குத்தகை உரிமையைப் பதிந்துகொள்ள 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகையிலேயே தலைமுறையை ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். பட்டாக்காரருக்கு எண் கிடைக்கும். வெள்ளத்தில் பயிர் போனவர் குத்தகைக்காரர். நிவாரணமும் காப்பீடும் உர அளவும் எல்லாம் நாளைக்கு அந்த எண்ணைப் பார்த்துத்தான் என்று ஆகிவிட்டால், பயிர் செய்கிறவனே சங்கிலியில் இல்லாமல் போவான். அவன் முறிந்தால் ஆலைக்கு நெல் ஏது? ஆகவே உங்கள் ஊரில் எண் பதிகிறபோது, "சாகுபடி செய்யறது நாந்தான், அதையும் எழுதுங்க" என்று கேட்க வேண்டும். மறுத்தால் மனுவாக எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைக்க வேண்டும். வாய்ப்பேச்சு மனுவுக்குக் கம்ப்யூட்டரில் இடம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் மனசு சங்கடமான விஷயம். கணக்கு தெரிந்திருந்தும் சரக்கு நகராமல் போவதுண்டு. 2025 ஜூன் 12-ல் மேட்டூர் அணை வழக்கமான தேதிக்கே திறந்தது. காவிரி டெல்டாவில் குறுவை பெரிய அளவில் நடந்தது. அக்டோபரில் எவ்வளவு நெல் வரும் என்பது யாருக்கும் ரகசியம் இல்லை. இருந்தும் கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து மழையில் நனைந்து முளை விட்டதே! கிடங்கு, லாரி, சாக்கு, ரேஷன் அரிசியில் கலக்க வேண்டிய செறிவூட்டிய அரிசிக்கு அனுமதி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் என்று நல்ல விலைதான் அறிவித்திருந்தார்கள். ஈரத்தில் கிடக்கிற நெல்லுக்கு விலை அறிவிப்பு என்ன செய்யும்? பரப்பளவு ஒரு ஆபீசிலும், சாக்கு ஒரு ஆபீசிலும், லாரி ஒரு ஆபீசிலும் இருந்தால் ஆயிரம் கம்ப்யூட்டர் வைத்தும் பழைய பீரோ கதைதான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன அணைக்கட்டு எண்ணுக்கே வருகிறேன். அது ஏன் அவ்வளவு உபயோகமாக இருக்கிறது? எல்லாருக்கும் தெரிகிறது, அதனால். ஒரு பெரிய கம்பெனிக்கு மட்டும் மணிமுத்தாறு இத்தனை அடி என்று தெரிந்து நமக்குத் தெரியாமல் இருந்தால், அவன் விதையை முன்னமே வாங்கி அடுக்கிவிடுவான்; நாம் விலை ஏறிய பிறகு போய் நிற்போம். பயிர்ப் பரப்பின் கணக்கும் அப்படித்தான். எந்தத் தாலுகாவில் எத்தனை ஏக்கர் வாழை, எத்தனை ஏக்கர் நெல், எப்போது அறுவடை என்பது பெரிய வியாபாரிக்கு அறுவடைக்கு இரண்டு மாதம் முன்னால் தெரிந்து, விளைவித்தவனுக்கு லாரி வந்த அன்றைக்குத் தெரிந்தால், கணக்கு நமக்கு எதிராக வேலை செய்யும். 2021-ல் மத்திய வேளாண் அமைச்சகம் மைக்ரோசாஃப்ட் கம்பெனியோடு ஆறு மாநிலங்களில் நூறு கிராமங்களுக்கு ஒரு சோதனை ஒப்பந்தம் போட்டபோது, விவசாயச் சங்கங்களும் மற்ற அமைப்புகளும் எதிர்த்துக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்: விவரம் யாருடையது, யார் பார்க்கிறார்கள்?

பொதுப் பணத்தில் சேர்த்த விவரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்று 2012-லேயே மத்திய அரசு கொள்கை வகுத்திருக்கிறது. தனி மனிதருடைய விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் கையாளக் கூடாது என்று 2023-ல் சட்டம் வந்து, 2025 நவம்பரில் அதற்கு விதிகளும் வந்தன. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். என் பெயர், என் ஆதார், என் கடன் இதெல்லாம் என்னுடையது, மூடி வையுங்கள். அம்பாசமுத்திரம் தாலுகாவில் எத்தனை ஏக்கர் நெல், ஜில்லாவில் எத்தனை மூட்டை யூரியா, எந்தக் கொள்முதல் நிலையத்தில் எத்தனை சாக்கு இருக்கிறது என்பது ஊருடையது. மணிமுத்தாறு 118-ல் எத்தனை என்று போடுகிற அதே பத்தியில் அதையும் தினம் போடலாமே! டீக்கடையில் கேட்டுவிட்டுப் போவோம்.

பிசானத்துக்குத் தண்ணீர் திறப்பதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்று இ-சேவை மையத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ போய்ப் பாருங்கள். வாழை என்று இருந்து வயலில் நெல் நின்றால் இப்போதே திருத்தக் கேளுங்கள். உரக்கடையில் மூட்டையைத் தூக்குமுன் மிஷின் பில் கேளுங்கள். எத்தனை மூட்டை வாங்கினீர்களோ அத்தனைதான் அதில் இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ரேகை விழாதவர்கள் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மேலுரம் போடுகிற வாரத்தில் அதற்கு நேரம் இருக்காது.